சைக்கிள் வைக்க இடமில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

நகரத்துப் புகைக்கும் நெரிசலுக்கும் மின்சார இருசக்கர வாகனங்களே மருந்து என்று சென்ற இதழ்த் தலையங்கத்தில் எழுதியிருந்தீர்கள். புகை விஷயத்தில் எனக்கு மறுப்பில்லை. நெரிசல் விஷயம்தான் இடிக்கிறது. பெட்ரோல் ஸ்கூட்டர் நின்ற இடத்தில் பேட்டரி ஸ்கூட்டர் நின்றால் சாலையில் அரை அடிகூட மிச்சமாகாது. நெரிசலைப் பற்றி அவ்வளவு எழுதிவிட்டு, சைக்கிளைப் பற்றி ஒரு வரிகூட எழுதாமல் விட்டுவிட்டீர்களே என்ற ஆதங்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

நான் சைக்கிள் கடைக்காரன். அப்பா காலத்தில் மணிக்கணக்கில் வாடகைக்கு விட்ட கடை. இப்போது விற்பனை, பஞ்சர், ஓவராயிலிங் எல்லாம் உண்டு. சில வருஷங்களாக பேட்டரி சைக்கிளும் விற்கிறேன், பழுதும் பார்க்கிறேன். பேட்டரி மேல் எனக்குப் பகை என்று யாரும் நினைக்க வேண்டாம். சாதாரண சைக்கிளைவிட அதில்தான் எனக்கு லாபம் கூடுதல்.

கடைக்கு வருகிறவர்கள் எல்லாவற்றையும் 'இ-பைக்' என்கிறார்கள். ஆனால் சாலையில் ஓடுவது மூன்று விதமான வண்டி. நம்பர் பிளேட் மாட்டி ஓடும் ஸ்கூட்டர் ஒன்று. பெரும்பாலும் நூறு கிலோவுக்கு மேல் எடை. அடுத்தது 250 வாட்டுக்குக் குறைந்த மோட்டாரோடு, 25 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாமல் ஓட வேண்டிய குட்டி ஸ்கூட்டர். 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி அது மோட்டார் வாகனமே இல்லை. பதிவும் வேண்டாம், லைசென்ஸும் வேண்டாம். மூன்றாவதுதான் பெடல் வைத்த பேட்டரி சைக்கிள். மிதித்தால் மோட்டார் கைகொடுக்கும். மிதிப்பதை நிறுத்தினால் அதுவும் நிற்கும். வேகம் இருபத்தைந்தைத் தொட்டால் ஒதுங்கிக்கொள்ளும்.

இந்த மூன்றாவது வண்டி சைக்கிளுக்குத் தம்பி முறை. முட்டி தேய்ந்துபோய் சைக்கிளை மூலையில் சாத்திவிட்ட பெரியவர்கள் இதனால் திரும்ப ஏறி மிதிப்பதை நான் பார்க்கிறேன். கேரியரில் இரண்டு கூடை கீரையோடு மேம்பாலம் ஏறுகிற அம்மாவுக்கு இது பெரிய உதவி. 36 வோல்ட், 10 ஆம்பியர்-மணி பேட்டரி முழுதாகச் சார்ஜ் ஏற அரை யூனிட் கரண்ட்கூடப் பிடிக்காது. காலும் சேர்ந்து உழைத்தால் முப்பது கிலோமீட்டர் போய்வரலாம். பேட்டரி ஓய்ந்துபோனால் மாற்றுகிற செலவில் ஒரு புது சாதாரண சைக்கிளே வாங்கிவிடலாம் என்பதையும் வாங்க வருகிறவர்களிடம் சொல்லித்தான் விற்கிறேன்.

அரசு இதில் யாருக்குக் கை கொடுத்தது என்று பாருங்கள். 2019 ஏப்ரலில் மத்திய அரசு 10,000 கோடி ரூபாய் ஒதுக்கி, மின்சார வாகனங்களுக்கான 'ஃபேம்' மானியத் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தைத் தொடங்கியது. அதில் இருசக்கர வாகனத்துக்கு மானியம் வேண்டுமென்றால் வண்டி 40 கிலோமீட்டர் வேகமாவது போக வேண்டும், ஒரு சார்ஜில் 80 கிலோமீட்டராவது ஓட வேண்டும். இருபத்தைந்தில் நிற்கிற பேட்டரி சைக்கிள் வாசலிலேயே தள்ளப்பட்டுவிட்டது. மானியமும் பேட்டரியின் அளவைப் பார்த்து: 2021 ஜூனில் ஒரு கிலோவாட்-மணிக்கு 15,000 ரூபாய் என்று உயர்த்தினார்கள். மூன்று கிலோவாட்-மணி பேட்டரி போட்ட ஸ்கூட்டருக்கு அந்தக் கணக்கில் 45,000 ரூபாய். என் கடையில் அந்தப் பணத்துக்கு ஆறு சைக்கிள் எடுக்கலாம். பிறகு இந்தத் தொகை படிப்படியாகக் குறைந்தது உண்மைதான். பெரிய பேட்டரிக்குப் பெரிய மானியம் என்ற கணக்கு மட்டும் மாறவில்லை. டில்லி அரசு 2022-இல் பேட்டரி சைக்கிளுக்கும் 5,500 ரூபாய் வரை மானியம் அறிவித்தது. மனசு இருந்தால் முடியும் என்பதற்காகச் சொல்கிறேன்.

வரிக் கதை இன்னும் வேடிக்கை. 2019 ஆகஸ்ட் முதல் தேதியிலிருந்து மின்சார வாகனத்துக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம்; பேட்டரி சைக்கிளும் அதில் சேர்த்தி. மோட்டார் இல்லாத சைக்கிளுக்கு 12 சதவீதம். ஒரே கடையில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் இரண்டு சைக்கிள். மோட்டார் மாட்டியதற்கு வரி கம்மி, மிதித்தே போகிறவனுக்கு வரி ஜாஸ்தி. ஆறு வருஷம் இப்படித்தான் பில் போட்டேன். பள்ளிக்கூடப் பிள்ளைக்கு சைக்கிள் எடுக்க வந்த கூலித் தொழிலாளி பில்லைப் பார்த்து, "இதுக்குமா வரி?" என்று கேட்டால் என்ன பதில் சொல்வது? 2025 செப்டம்பர் 22-ஆம் தேதிதான் இரண்டும் 5 சதவீதமாகச் சமமாயின. மகிழ்ச்சிதான். வாங்கிய பணத்தை யாரும் திருப்பித் தரப்போவதில்லை.

குட்டி ஸ்கூட்டருக்கு வருகிறேன். லைசென்ஸ் வேண்டாம் என்பதால் எட்டாம் வகுப்புப் பையனுக்குக்கூட வாங்கிக் கொடுக்கிறார்கள். அடுத்த வாரமே வண்டி என் கடை வாசலில் நிற்கும். "அண்ணே, அந்த ஒயரைக் கழட்டி விட்டுருங்கண்ணே." சீட்டுக்கு அடியில் இருக்கும் கன்ட்ரோலரிலிருந்து ஒரு மெல்லிய ஒயர் வளையமாகத் தொங்கும். வேகத்தைக் கட்டிப்போட்டிருப்பது அதுதான். பல வண்டிகளில் அதன் சாக்கெட்டைப் பிரித்துவிட்டால் போதும், வண்டி நாற்பதைத் தொடும். பிரேக்கும் டயரும் பழையபடியேதான் இருக்கும். நான் மறுத்தால் இரண்டு தெரு தள்ளி இன்னொருவர் செய்து கொடுப்பார். பதிவு எண் இல்லாத வண்டி என்பதால் இடித்துவிட்டுப் போனாலும் அடையாளம் சொல்ல வழியில்லை. இவை ஓடுவது சாலையின் இடது ஓரத்தில், சைக்கிள்காரன் பக்கத்தில். சத்தமும் வராது. முதுகுக்குப் பின்னால் வந்த பிறகுதான் தெரியும்.

அந்த இடது ஓரத்தின் லட்சணத்தை என் கடைக்கு வரும் ரிம்மைப் பார்த்தே சொல்லிவிடலாம். மழைநீர் வடிகாலுக்கு மேல் போடும் இரும்புச் சட்டத்தில் கம்பிகளைச் சாலை போகிற திசையிலேயே வைத்துவிடுகிறார்கள். ஸ்கூட்டரின் அகல டயர் அதன் மேல் உருண்டு போய்விடும். சைக்கிளின் ஒல்லி டயர் இரண்டு கம்பிக்கு நடுவே இறங்கிவிடும். முன்சக்கரம் எட்டாக வளைந்து, ஸ்போக்ஸ் நாலைந்து தெறித்து, முழங்கையில் ரத்தத்தோடு தள்ளிக்கொண்டு வருவார்கள். கோட்டம் எடுத்துக் கொடுத்து எனக்கு வருமானம்தான். ஆனாலும் கம்பியைக் குறுக்கே வைத்திருந்தால் ஒரு பைசா செலவில்லாமல் தீர்ந்திருக்கும்.

அடுத்தது யு-டர்ன். கோவை உள்பட பல ஊர்களில் சிக்னலை எடுத்துவிட்டு, சந்திப்பை மூடி, தள்ளிப்போய்த் திரும்பச் சொல்கிறார்கள். ஸ்கூட்டருக்கு அது ஒரு நிமிஷம். மிதிக்கிறவனுக்கு வெயிலில் கூடுதல் தூரம். அதோடு வேகமாக வரும் வண்டிகளுக்குக் குறுக்கே நடுரோட்டுக்குப் போய்த் திரும்பியாக வேண்டும். அவன் ராங் சைடில் வருகிறான் என்று திட்டுகிறோம். வேறெப்படி வருவான்?

நம் மாநிலத்தில் 2001-இல் பட்டியல் சாதி, பழங்குடி மாணவிகளுக்கென்று ஆரம்பித்த விலையில்லா சைக்கிள் திட்டம் பிறகு விரிந்து, இன்று அரசுப் பள்ளி, உதவிபெறும் பள்ளி பிளஸ் ஒன் பிள்ளைகள் லட்சக்கணக்கானோருக்கு வருஷந்தோறும் சைக்கிள் கிடைக்கிறது. பாராட்டத்தக்க திட்டம். அந்த சைக்கிளில் சில, கேரியர் பெயின்ட்கூட உரியாமல் என் கடைக்கு விற்பனைக்கு வருகின்றன. "மெயின் ரோட்ல ஓட்ட பயமா இருக்குன்னு சொல்றா, சும்மாதான் நிக்குது" என்பார்கள் பெற்றோர்.

போன மாதம் வெளியூரில் ஒரு பேருந்து நிலைய இருசக்கர வாகன நிறுத்தத்துக்குப் போனேன். உள்ளே புத்தம் புதிய சார்ஜிங் பாயின்ட், பச்சைப் பலகை, பக்கத்தில் இரண்டு ஸ்கூட்டர். டோக்கன் கொடுக்கும் பையன் என் சைக்கிளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "சைக்கிள் எல்லாம் வைக்கிறதில்லைங்க" என்றான். ஸ்கூட்டர் கட்டணத்தையே தருகிறேன் என்றேன். அவனுக்கே சங்கடமாகிவிட்டது. கான்ட்ராக்டர் திட்டுவார் என்றான். கடைசியில் ஒரு டீக்கடைக்காரர் தயவில் அவர் கடைக்குப் பின்னால் சாத்திவிட்டுப் பஸ் ஏறினேன்.

கொள்கைக்கு ஒன்றும் பஞ்சமில்லை. மோட்டார் இல்லாத போக்குவரத்துக்கென்று சென்னை மாநகராட்சி 2014-இலேயே ஒரு கொள்கை வகுத்துவிட்டது. நாட்டில் எந்த நகரமும் அதற்கு முன் அப்படிச் செய்யவில்லை. போக்குவரத்துக்கான பணத்தில் குறைந்தது 60 சதவீதத்தை நடப்போருக்கும் சைக்கிளுக்கும் ஒதுக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. சைக்கிளில் போகிற யாரையாவது நிறுத்தி, இது தெரியுமா என்று கேட்டுப் பாருங்கள்.

நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. அரசு இடத்தில் நடக்கும் எந்த வாகன நிறுத்தமும் சைக்கிளைத் திருப்பி அனுப்பக் கூடாது என்று டெண்டரில் ஒரு வரி சேர்க்கட்டும். வடிகால் கம்பியைக் குறுக்கே வைக்கட்டும். சந்திப்பை மூடுகிற இடத்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கடக்க ஒரு இடைவெளி விடட்டும். மானியம் கொடுப்பதானால் பெடல் வைத்த வண்டிக்கும் கொடுக்கட்டும். ஒயர் பிரித்த குட்டி ஸ்கூட்டரைப் பிடித்து நிறுத்தட்டும்.

தங்களிடம் கேட்பதும் ஒன்று உண்டு. தங்கள் நிருபர் ஒருவரை ஏதாவது ஒரு மாநகராட்சி அலுவலகத்துக்கு அனுப்பி, சென்ற ஆண்டு சாலைக்குச் செலவழித்த தொகையில் சைக்கிளுக்கென்று போனது எவ்வளவு என்று கேட்டு வரச் சொல்லுங்கள். கிடைத்த எண்ணை அப்படியே பிரசுரியுங்கள். எவ்வளவு சின்ன எண்ணாக இருந்தாலும் சரி.

இப்படிக்கு,
சைக்கிள் கடை வைத்திருக்கும் வாசகர் ஒருவர்