அம்மாவுக்கு ஏது ஞாயிறு?

சென்னையில் காசில்லாமல் குடும்பத்தோடு எங்கே போகலாம் என்று என்னைக் கேளுங்கள். மெரினாவுக்கு டிக்கெட் கிடையாது. கோட்டூர்புரத்தில் 2010-ல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்கும் கிடையாது. அங்கே குழந்தைகள் பகுதியில் ஒரு பெரிய செயற்கை மரம் இருக்கிறது. என் தம்பி அதை விட்டு நகரவே மாட்டான்! 2021 முதல் சாதாரணக் கட்டண மாநகர பஸ்ஸில் அம்மாவுக்கும் எனக்கும் இலவசம். அப்பாவும் தம்பியும்தான் டிக்கெட் வாங்கணும் (இதற்கு எங்க வீட்டில் ஒரே கிண்டல்).

ஆனால், "செலவே இல்லாம சுத்திட்டு வந்தோம்" என்று அப்பா பெருமையாகச் சொல்லும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது. புளிசாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்ட அம்மா காலை 4 மணிக்கே எழுந்திருக்கிறார். திரும்பி வந்து டப்பா கழுவுவதும் அவர்தான். அந்தச் செலவை யார் கணக்கில் எழுதுவது?

பெரிய ஹோட்டலுக்குக் கூட்டிப் போகச் சொல்லவில்லை. 2013-ல் தொடங்கிய அம்மா உணவகத்தில் சாம்பார் சாதம் 5 ரூபாய், தயிர் சாதம் 3 ரூபாய். நாலு பேரும் இரண்டையும் சாப்பிட்டால் 32 ரூபாய்தான்.

போன ஞாயிறு இதைச் சொல்லியே விட்டேன். "தெரிஞ்சவங்க யாராவது பார்த்தா?" என்றார் அப்பா. பார்த்தால் என்ன, அவங்களும் அதே வரிசையில்தானே நிற்பாங்க!

அப்பா ஒன்றும் பேசவில்லை. அம்மா மட்டும் மெதுவாக, "அப்போ அடுத்த வாரம் ஆறு மணி வரை தூங்கலாமா?" என்று கேட்டார்.

- 9-ஆம் வகுப்பு மாணவி, 'ஆ' பிரிவு