மதிப்பெண் இட வேண்டியவர் நெசவாளரே

அயல்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் தம் மாணவரை நம் நாட்டுக்கு அனுப்பி, பாடத்தோடு சமூக சேவையையும் பிணைத்து, அதற்குப் பட்டப்படிப்பில் மதிப்பெண்ணும் வழங்கும் ஏற்பாடு தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. 1948-இல் தோன்றிய மதுரை லேடி டோக் கல்லூரி, டோக்கியோவின் சர்வதேசக் கிறிஸ்தவப் பல்கலைக்கழக மாணவரை இம்முறையில் வரவேற்று வந்திருக்கிறது. அமிர்தா விஸ்வ வித்யாபீடம் 2013 முதல் நடத்தும் ‘லிவ்-இன்-லேப்ஸ்’ திட்டத்தில் வெளிநாட்டு மாணவரும் நம் கிராமங்களில் தங்கிப் பயில்கின்றனர். இம்முயற்சிகளைப் பாராட்டுவதில் எனக்குத் தயக்கமில்லை. எனினும் இத்தகைய படிப்பு காஞ்சிபுரத்தில் கால் ஊன்றுமாயின், அதற்கு ஒரு நிபந்தனை விதிக்கும் உரிமை அவ்வூருக்கு உண்டு.

வித்தை தேடி வருவோரைக் காஞ்சி நெடுங்காலமாக அறியும். இங்கிருந்த கடிகையில் கல்வி பயில மயூரசர்மன் தம் ஆசானோடு வந்ததையும், பல்லவ வீரனொருவனோடு நேர்ந்த பூசலால் மனம் கொதித்து வெளியேறிக் கதம்ப அரசை நிறுவியதையும் தாளகுண்டாக் கல்வெட்டு கூறுகிறது. ஏழாம் நூற்றாண்டில் வந்த யுவான் சுவாங், பௌத்தப் பேராசான் தர்மபாலர் பிறந்த ஊர் இது என்று எழுதிவைத்தார். அப்படி வந்தோர் கற்கவே வந்தனர். இன்றைய மாணவரோ கற்பதற்கு முன்பே கொடுக்கும் ஆசையோடு விமானம் ஏறுகிறார். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

பிள்ளையார்பாளையத்து நெசவாளர் வீடொன்றைப் பாருங்கள். குழித்தறியில் கால்களை இறக்கி மிதித்தபடி அமர்ந்திருப்பவர் புடவையின் உடலுக்குரிய நாடாவை ஓட்ட, பக்கத்தில் இருக்கும் மனைவியோ துணையாளோ கரைக்குரிய நாடாவைச் செலுத்த, உடலுக்கு ஒன்றும் இரு கரைகளுக்கு இரண்டுமாக மூன்று நாடாக்கள் முறை தவறாது ஓடி, உடலின் ஊடையும் கரையின் ஊடையும் சந்திக்கும் கோட்டில் இழையோடு இழை பிணைந்துகொள்வதே கோர்வை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் குழிக்குள் நீர் ஊறினால் தறி நின்றுவிடும். தெருவில் பாவு போடவும் வழியிராது. இவருக்குக் கூலி மணிக் கணக்கில் இல்லை, புடவைக் கணக்கில்தான். ஆகவே நோட்டுப் புத்தகத்தோடு வரும் மாணவரின் கேள்விக்கு நாடாவை நிறுத்திவிட்டு அவர் சொல்லும் ஒவ்வொரு பதிலும் அவர் கையிலிருந்து போகும் காசு. சேவை செய்ய வந்தவர், தாம் அறியாமலே, சேவை பெற்றுத் திரும்புகிறார்.

1968-இல், மெக்சிகோவில் தொண்டாற்றப் புறப்பட்ட அமெரிக்க மாணவரிடையே பேசிய இவான் இல்லிச், பார்க்கவும் படிக்கவும் செல்லுங்கள், உதவி செய்யச் செல்லாதீர்கள் என்ற கருத்துப்படக் கடுமையாக எச்சரித்தார். நான் அந்த எல்லை வரை போகமாட்டேன். ஒரு பருவமேனும் தங்கி, கடைத்தெருத் தமிழாவது பேசக் கற்று, தறியருகே பொறுமையாக அமர்ந்த மாணவரால் ஊருக்குப் பயன் உண்டு. காஞ்சிப் பட்டு 2005-06-இல் புவிசார் குறியீடு பெற்றிருந்தும், விசைத்தறிப் புடவை அதே பெயரைச் சூடிக்கொண்டு கடைகளில் விலைபோகிறது. இரண்டுக்குமுள்ள பேதத்தைத் தம் நாட்டு மக்களுக்கு அவர்கள் மொழியிலேயே எடுத்துரைக்கவும், கூட்டுறவுச் சங்கத்தின் அயல்நாட்டுக் கடிதப் போக்குவரத்துக்குத் துணைநிற்கவும் அவரால் முடியும். ஆனால் எந்த வேலை தேவையென்று தீர்மானிப்பது சங்கமாக இருக்க வேண்டும். பள்ளிச் சுவருக்கு வர்ணம் பூசிப் படம் எடுத்துக்கொள்ளும் இரண்டு வார விஜயம் இதில் சேராது.

இனி என் நிபந்தனை. பல்கலைக்கழகம் வசூலிக்கும் கட்டணத்தில் ஒரு பகுதி, கற்பித்த நெசவாளருக்கு ஆசிரியர் ஊதியமாகச் சேர வேண்டும். மாணவரின் மதிப்பெண்ணில் ஒரு பகுதியை அவரே இட வேண்டும். மதிப்பீடு பேராசிரியர்களின் சாஸ்திரமாயிற்றே, நெசவாளருக்கு அது எப்படிக் கைவரும் என்று சிலர் வினவலாம். நெய்த புடவையைச் சங்கத்தில் ஒப்படைக்கும்போது எடை, கோர்வை, ஜரிகை, கறை எல்லாம் பார்த்து, குறையிருந்தால் கூலியில் பிடித்தம் செய்யும் பரீட்சைக்கு ஆயுள் முழுதும் உட்பட்டவர் அவர். ஓர் இளைஞர் கவனித்தாரா, வாக்குக் கொடுத்த நாளில் வந்தாரா, சொன்ன வேலையை முடித்தாரா என்பதை அவரினும் நுட்பமாக நிர்ணயிப்பவர் யார்? கைத்தொழிலையே கல்வியின் மையமாக்க வேண்டுமென்று 1937-இல் வார்தாவில் காந்தியடிகள் முன்வைத்த யோசனையின் சாரமும், தொழில் அறிந்தவர் ஆசான் ஆவார் என்பதன்றி வேறென்ன?

மதிப்பெண் பட்டியலில் நெசவாளரின் கையெழுத்துக்கு இடம் தர மறுக்கும் பல்கலைக்கழகம், தன் மாணவரைத் தாராளமாகச் சுற்றுலாப் பயணியாகவே அனுப்பட்டும். ஏகாம்பரநாதரையும் வரதராஜரையும் தரிசித்து, ஒரு புடவையும் வாங்கிச் சென்றால், ஊருக்கு அதுவே கூடுதல் உபகாரம்.