சைக்கிள், படகு, ஏலக்காய் மூட்டை

இத்தாலிப் படங்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நம் பிள்ளைகள் டைரக்டர்களின் பெயர்களை அடுக்குகிறார்கள். ரோஸெல்லினி, டி சிகா, விஸ்கோந்தி, ஃபெலினி... பரீட்சைக்கு மனப்பாடம் செய்த மாதிரி. நான் பி.காம். படித்துவிட்டு பேங்க் வேலைக்கு வந்தவன். சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம். முதலில் பாலக்காட்டுச் சித்தூர் தாலுகா, இப்போது இடுக்கி. சினிமா இலக்கணம் எனக்குத் தெரியாது. ஆனாலும் இந்தப் படங்களைப் படிக்க ஒரு சுலபமான வழி உண்டு என்பேன். பணம் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று பாருங்கள், போதும்.

டி சிகாவின் 'பைசிக்கிள் தீவ்ஸ்' (1948) எடுத்துக்கொள்ளுங்கள். போர் முடிந்த ரோம் நகரம். வேலை வேண்டுமென்றால் சைக்கிள் வேண்டும், சைக்கிளோ அடகில். மனைவி வீட்டிலிருக்கும் படுக்கை விரிப்புகளை அடகு வைத்து அதை மீட்கிறாள். அடகுக்கடை ஆள் அந்தக் கட்டைத் தூக்கிக்கொண்டு அலமாரியில் மேலே மேலே ஏறுகிறான். அங்கே கூரை உயரத்துக்கு அதே மாதிரி கட்டுகள்! ஊரே அடகில் கிடக்கிறது. நகைக்கடன் கவுண்டரில் உட்கார்ந்தவனுக்கு இதற்கு விளக்கவுரை தேவையில்லை.

அதே 1948ல் விஸ்கோந்தியின் 'லா தெர்ரா த்ரேமா'. சிசிலித் தீவின் ஒரு மீனவ கிராமம். நடித்தவர்கள் அந்த ஊர்க்காரர்களே, பேசியதும் அவர்கள் பேச்சுமொழிதான். மொத்த வியாபாரிகளுக்கு உழைத்துச் சலித்த ஒரு குடும்பம் வீட்டை பேங்கில் அடமானம் வைத்துச் சொந்தத் தொழில் தொடங்குகிறது. ஒரு புயலில் படகு போகிறது. பிறகு வீடும் போகிறது. கடைசியில் மூத்த மகன் அதே வியாபாரிகளிடம் கூலிக்குப் போய் நிற்கிறான்.

இப்போது நம் மலைக்கு வாருங்கள். லெனின் பாரதியின் 'மேற்குத் தொடர்ச்சி மலை' (2018). தேனி-இடுக்கி எல்லையில் ஏலக்காய் மூட்டை சுமக்கும் ரங்கசாமிக்கு ஒரு துண்டு நிலம் வாங்க ஆசை. வாங்கியும் விடுகிறான். அப்புறம் உரத்துக்கும் விதைக்கும் கடன். நிலம் கைமாறிவிட, அங்கே வந்த காற்றாலைக்கு அவனே வாட்ச்மேன்.

எழுபது வருஷ இடைவெளி, இரண்டு கண்டங்கள். ஆனால் கணக்கு ஒன்றுதான். சொத்து வாங்கப் பணம் இருந்தது. ஒரு கெட்ட வருஷத்தைத் தாங்கப் பணம் இல்லை. எங்கள் பாஷையில் சொன்னால் ஒர்க்கிங் கேப்பிடல் இல்லை. இப்படிக் கடன்காரரான எத்தனை பேரை மேஜைக்கு எதிரே பார்த்திருப்பேன்!

"பட்ட கஷ்டம் போதாதா சார், அதைப் படத்தில் வேறு பார்க்கணுமா?" என்று நம்மவர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். இத்தாலியிலும் கேட்டார்கள். பென்ஷன் பற்றாமல் வாடகை கட்ட முடியாத ஒரு கிழவரைப் பற்றி டி சிகா 'உம்பெர்த்தோ டி' (1952) எடுத்தபோது, அரசாங்கத்தில் இருந்த ஆந்த்ரேயோத்தி பகிரங்கக் கடிதம் எழுதிக் கண்டித்தார். நாட்டு மானம் போகிறதாம். கடிதத்தைப் பலர் மறந்துவிட்டார்கள், படம் நிற்கிறது. காரணம், அந்தப் படம் பரிதாபம் கேட்கவில்லை. கணக்கைத் திறந்து காட்டியது.

நம்மிடமும் இந்த வழி புதிதல்ல. 1955ல் திருச்சூர் மாணவர்கள் சேர்ந்து 'நியூஸ்பேப்பர் பாய்' எடுத்தார்கள். தமிழில் ஜெயகாந்தனின் 'உன்னைப்போல் ஒருவன்' (1965), பாலு மகேந்திராவின் 'வீடு' (1988). 'வீடு' முழுக்கவே கடன் கணக்குதானே!

எனக்கு உறுத்துவது இதுதான். சித்தூரிலும் குமுளியிலும் மூணாறிலும் வளரும் நம் பிள்ளைகள் மலையாள நண்பர்களோடு உலக சினிமா பார்க்கிறார்கள், சந்தோஷம். ஆனால் தாத்தா சுமை தூக்கினார் என்று அந்த நண்பர்களிடம் சொல்லக் கூசுகிறார்கள். கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் விடிகாலையில் ஜீப்பில் நெருக்கியடித்து ஏலத்தோட்டத்துக்கு வரும் பெண்களைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். ரோமில் சைக்கிள் தொலைத்தவனுக்காக அழுகிறவர்கள், ஐயா!

வருகிற லீவில் 'லா தெர்ரா த்ரேமா'வையும் 'மேற்குத் தொடர்ச்சி மலை'யையும் வீட்டில் அடுத்தடுத்துப் போடுங்கள். பெரியவர்களையும் கூட உட்கார வையுங்கள். மலையேறி வந்தது எந்த வருஷம், அப்போது என்ன கூலி, முதல் கடன் யாரிடம் என்று பிள்ளைகள் கேட்டு நோட்டில் எழுதட்டும். டைரக்டர் பெயர்களை அப்புறம் மனப்பாடம் செய்துகொள்ளலாம்.