பாலைத் திட்டாதீர்கள், மூட்டையைச் சோதியுங்கள்



நேற்று நம் குடும்பக் குழுவில் ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. பாக்கெட் பால் முழுக்கக் கேன்சராம், வீட்டு மாட்டுப் பால் மட்டும்தான் அமிர்தமாம். கேட்டவர்கள் எல்லாரும் கைகூப்பும் படம் போட்டார்கள். நான் மறுத்து நாலு வரி எழுதினேன். "பெரியப்பா, ஃபார்வர்டுக்கெல்லாம் எதுக்கு டென்ஷன்?" என்று பதில் வந்தது. சரி, குழுவில் வேண்டாம், என் பக்கத்திலேயே எழுதுகிறேன். நீளமாக இருக்கும். வகுப்பில் நாற்பது நிமிடம் உட்கார்ந்தவர்கள்தானே நீங்கள், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நம் வீட்டுக் கதை. என் தங்கை மகன் ஆறு மாடு வைத்திருக்கிறான். போன ஐப்பசியில் அடைமழை. பசும்புல் குறைந்ததால் புண்ணாக்கைக் கூட்டிப் போட்டான். சில நாளில் பால் எடுக்கிற பண்ணைக்காரர்கள் அந்த ரூட் பாலையே நிறுத்திவிட்டார்கள். "டாக்சின் அதிகம்" என்று வாய்வார்த்தையாகச் சொன்னார்களே தவிர, ஒரு காகிதம் கூடக் கொடுக்கவில்லை. மாப்பிள்ளை என்னிடம் அழாத குறை. "பிள்ளைங்க மேல சத்தியமா ஒரு சொட்டுத் தண்ணி கலக்கலை மாமா."

அவன் சொன்னது உண்மை. அவன் எதையும் கலக்கவில்லை. கடையில் போய்க் கேட்டதற்கு, "மூட்டையை மோந்து பாருங்க, கமகமன்னு இருக்கு" என்றார்களாம். பிரித்த மூட்டையைத் திருப்பி எடுக்க முடியாது என்றும் சொல்லிவிட்டார்கள். "காசு குடுத்து வாங்கினது, வீசவா முடியும் மாமா?" என்று அதையே மாட்டுக்குப் போட்டுத் தீர்த்தான். அந்தப் பத்து நாள் பால் எங்கே போனது? தயிராயிற்று, மோராயிற்று, அக்கம்பக்கத்துக்குப் போயிற்று, பேரப்பிள்ளைகள் குடித்தார்கள். நானும் அங்கே இரண்டு டம்ளர் காப்பி குடித்தேன். பிறகு வேறு புண்ணாக்கு வாங்கினான், பாலை மறுபடி எடுத்துக்கொண்டார்கள்.

அந்த முதல் மூட்டையை யாருமே சோதிக்கவில்லை. அதனால் குற்றம் புண்ணாக்கில்தான் இருந்தது என்று இன்றுவரை என்னால் நிரூபிக்க முடியாது. கடைக்காரர் தப்பித்தார், ஆலைக்காரர் தப்பித்தார், பெயர் கெட்டது ஆறு மாட்டுக்காரனுக்கு. என் கோபம் இதுதான்.

இனிப் பாடம். ஈரம் பட்ட கடலை, பருத்திக்கொட்டை, மக்காச்சோளம், தேங்காய்ப் புண்ணாக்கு ஆகியவற்றில் ஆஸ்பெர்ஜில்லஸ் ஃப்ளேவஸ் என்ற பூஞ்சை வளரும். அது உண்டாக்கும் நச்சுக்கு அஃப்லாடாக்சின் என்று பெயர். 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் காரணம் தெரியாமல் செத்தன. தேடிப் போனால், பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கில் இந்த நச்சு இருந்தது. உலகம் இதைக் கண்டுபிடித்ததே ஒரு தீவன மூட்டையில்தான்.

அஃப்லாடாக்சின் பி1 மாட்டின் வயிற்றுக்குள் போனால், அதில் ஒரு பங்கு கல்லீரலில் எம்1 ஆக மாறி, ஒரு நாளுக்குள் பாலில் வரத் தொடங்கும். அஃப்லாடாக்சின்களை மனிதருக்குப் புற்றுநோய் தருபவை என்ற முதல் பிரிவில் வைத்திருக்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை.

இப்போது கணக்கு. கலப்புத் தீவனத்தில் பி1 20 பி.பி.பி.க்கு மேல் இருக்கக் கூடாது என்பது நம் நாட்டுத் தர நிர்ணயம். 20 பி.பி.பி. என்றால் ஒரு டன்னுக்கு 20 மில்லிகிராம். ஏறக்குறைய ஒரு அரிசியின் எடை. ஒரு டன் தீவனத்தில் ஒரு அரிசி எடை நச்சு. இதை மூக்கால் கண்டுபிடிப்பேன் என்று சொல்பவரை நான் கும்பிடுகிறேன், ஆனால் நம்ப மாட்டேன். பூஞ்சை வாடை வந்தால் மூட்டை கெட்டது என்று தெரியும். வாடை வராவிட்டால் ஒன்றும் தெரியாது. பூஞ்சை செத்து உதிர்ந்த பிறகும் நச்சு அங்கேயே இருக்கும்.

பாலில் எம்1-க்கு நம் வரம்பு லிட்டருக்கு 0.5 மைக்ரோகிராம். ஒரு மாடு நாளுக்கு 5 கிலோ தீவனம் தின்று 10 லிட்டர் கறக்கிறது என்று வையுங்கள். தீவனத்தில் 100 பி.பி.பி. இருந்தால் உள்ளே போவது 500 மைக்ரோகிராம். அதில் 2 சதவீதம் பாலுக்கு வந்தால் 10 மைக்ரோகிராம், லிட்டருக்கு 1. வரம்பைப் போல இரு மடங்கு. அதே மாட்டுக்கு 20 பி.பி.பி. தீவனம் போட்டால் லிட்டருக்கு 0.2 தான். ஆகப் பாலின் தலையெழுத்து மூட்டையிலேயே எழுதப்பட்டுவிடுகிறது.

இது ஊகம் என்பவர்களுக்கு ஒரு புள்ளிவிவரம். உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-ல் நாடு முழுக்க 6,432 பால் மாதிரிகளை எடுத்து, 2019-ல் முடிவை வெளியிட்டது. கலப்படத்தால் ஆபத்தானவை என்று கண்டது வெறும் 12. எம்1 வரம்பைத் தாண்டியவை 368. அதில் தமிழ்நாட்டின் பங்கு 551 மாதிரிகளில் 88. ஏறக்குறைய ஆறில் ஒன்று! யூரியா கலந்தான், சோப்பு கலந்தான் என்று பால்காரரை நாம் திட்டிக்கொண்டிருந்த நேரத்தில், பிரச்சினை தொழுவத்துத் தொட்டியில் இருந்திருக்கிறது.

பாக்கெட் பாலில்தான் அதிகம் என்று அந்த அறிக்கையே சொல்கிறதே என்பீர்கள். ஆமாம், சொல்கிறது. ஆனால் பாக்கெட் போடும் எந்திரத்தில் எம்1 உண்டாகாது. ஏதோ ஒரு தொழுவத்திலிருந்துதான் அது வந்தது. வீட்டு மாடு என்பதற்காக ஈரலுக்கு வேறு விதி கிடையாது.

இனி நம் ஆட்கள் சொல்லும் சமாதானங்கள்.

"நல்லாக் காய்ச்சிட்டாப் போச்சு." போகாது. கொதிக்கிற சூடு கிருமியைக் கொல்லும், இந்த நச்சை அழிக்காது. பன்னீரில் இன்னும் செறிவாகத் தங்கும், ஏனென்றால் அது பால் புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும்.

"வெயில்ல காயப் போட்டாச் சரியாயிடும்." வெயில் மேற்கொண்டு பூஞ்சை வளராமல் தடுக்கும். ஏற்கெனவே ஊறிப்போன நச்சு போய்விட்டது என்று அதை வைத்துச் சொல்ல முடியாது.

"எங்க ஆத்தா காலத்துல லேப்பா இருந்துச்சு?" இல்லை. அதனால் அப்போது யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று அர்த்தமில்லை. 1974-ல் ராஜஸ்தானின் பன்ஸ்வாடா, குஜராத்தின் பஞ்சமகால் பக்கத்து ஊர்களில் மழையில் நனைந்து பூஞ்சை பிடித்த மக்காச்சோளத்தைச் சாப்பிட்டு 397 பேர் ஈரல் கெட்டுப் படுத்தார்கள், 106 பேர் இறந்தார்கள். அவர்கள் தின்றதும் சொந்த ஊரில் விளைந்த தானியம்தான். ஆத்தா காலத்துப் புண்ணாக்கு உள்ளூர்ச் செக்கிலிருந்து அந்த வாரமே வந்தது. இன்றைய புண்ணாக்கு எந்த ஊரில் ஆட்டியது, எந்தக் குடோனில் எத்தனை மாதம் கிடந்தது என்று கடைக்காரருக்கே தெரியாது.

இன்னொன்று. கடலையைத் தரம் பிரிக்கும்போது சொத்தை, சுருங்கல், நிறம் மாறியது எல்லாம் எங்கே போகிறது? பெரும்பாலும் ஆலைக்கு. ஆட்டும்போது நச்சின் பெரும்பகுதி புண்ணாக்கில்தான் தங்கும். மனிதன் தின்ன லாயக்கில்லை என்று ஒதுக்கியதை மாட்டுக்குப் போட்டு, அதைப் பாலாகத் திரும்ப வாங்கிக் குழந்தைக்குக் கொடுக்கிறோம்.

என் மாணவர்களில் கோழிப்பண்ணைக்காரர்கள் பலர். அவர்கள் மக்காச்சோள லாரி வந்தால் இறக்குவதற்கு முன்பே சாம்பிள் எடுக்கிறார்கள். ஏன்? தீவனம் கெட்டால் அடுத்த வாரமே முட்டை குறையும், குஞ்சு சாகும், நஷ்டம் அவர்கள் நோட்டிலேயே ஏறும். மாடு அப்படி இல்லை. அசை போட்டுக்கொண்டு நின்றுகொண்டேதான் இருக்கும். நஷ்டம் ஏறுவது முகம் தெரியாத ஒரு குழந்தையின் ஈரலில். அந்தக் குழந்தை யாருக்கும் பில் அனுப்புவதில்லை. மாட்டுத் தீவனத்தை யாரும் சோதிக்காததற்கு இதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

லேப் இல்லை என்று சொல்லாதீர்கள். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியிலேயே தீவனத்தைப் பகுத்தாய்ந்து சொல்லும் ஆய்வகம் இருக்கிறது. பட்டை வைத்துச் சில நிமிடத்தில் பார்க்கும் கிட்டுகளும் வந்துவிட்டன. சந்தேகம் வந்தால் பெரிய கருவியில் உறுதி செய்துகொள்ளலாம். தனி ஆளுக்குச் செலவு என்றால், சங்கத்தில் ஒரு லோடுக்கு ஒரு சோதனை என்று பங்கு போடுங்கள்.

ஆனால் சாம்பிளை ஒழுங்காக எடுங்கள். பூஞ்சை மூட்டை முழுக்கச் சமமாகப் பரவாது. ஆயிரம் கடலை சுத்தமாக இருக்கும், ஒன்றில் மட்டும் நச்சு குவிந்திருக்கும். மேலாக ஒரு பிடி அள்ளி அனுப்பினால் லேப் உண்மையைத்தான் சொல்லும், அந்த ஒரு பிடியைப் பற்றி மட்டும். பல மூட்டைகளில், மேல், நடு, அடி என்று எடுத்து, கொட்டிக் கலந்து, நான்காகப் பிரித்து எதிரெதிர்ப் பங்கை எடுத்து, மறுபடி கலந்து, அரைத்து அனுப்ப வேண்டும். கடைச் சுவரில் மாட்டியிருக்கும் சான்றிதழைப் பார்த்தால் இரண்டே கேள்வி கேளுங்கள்: எந்த லோடுக்கு? எந்தத் தேதி? பதில் இல்லை என்றால் அது சாமி படம் மாதிரிதான்.

தீவனக் கடை வைத்திருக்கும் ஒரு மாணவன் இதற்குள் போன் செய்துவிட்டான். "ஐயா, நீங்க எழுதினா எங்க பொழப்பு போயிடும்." கண்ணு, உன் பிழைப்பு கெட வேண்டும் என்று நான் நினைப்பேனா? ஆலையிடம் லோடு வாரியாகச் சோதனை முடிவு கேட்கும் பலம் உனக்கு இருக்கிறது, என் தங்கை மகனுக்கு இல்லை. நீ கேள். வாங்கி மூட்டையோடு கொடு. பத்து ரூபாய் கூட வைத்து விற்றுக்கொள், நான் முதல் ஆளாக அவனை வாங்கச் சொல்கிறேன்.

பால் கம்பெனிகளில் வேலை செய்யும் பிள்ளைகளே, பாலைத் திருப்பி அனுப்பும்போது காகிதத்தில் எழுதிக் கொடுங்கள். தீவன சாம்பிளையும் கேட்டு வாங்குங்கள். அரசு வேலையில் இருப்பவர்களே, பாலுக்கு எடுக்கும் சாம்பிளில் பாதியாவது தீவனக் குடோனில் எடுக்கச் சொல்லி மேலே எழுதுங்கள்.

மாடு வைத்திருக்கும் சொந்தங்களே, மூட்டையைத் தரையில் அடுக்காதீர்கள், பலகை போட்டுச் சுவரை ஒட்டாமல் வையுங்கள். சந்தேகம் வந்த புண்ணாக்கை அன்றே நிறுத்துங்கள். நிறுத்தினால் சில நாளிலேயே பாலில் நச்சு குறைந்து மறைந்துவிடும். இவ்வளவு சுலபமாகத் தீரும் விஷயத்தை ஏன் இழுத்துக்கொண்டிருக்கிறோம் என்பதுதான் என் ஆதங்கம்.

பயந்து பிள்ளைகளுக்குப் பாலை நிறுத்திவிடாதீர்கள். ஒரு டம்ளரில் யாருக்கும் ஒன்றும் ஆகிவிடாது. வருடக்கணக்கில் தினமும் சேர்வதுதான் கவலை.

மாப்பிள்ளை போன வாரம் மூன்று வீட்டுக்காரர்களோடு சேர்ந்து முதல் சாம்பிளை அனுப்பியிருக்கிறான். முடிவு எதுவானாலும் இதே பக்கத்தில் போடுகிறேன். அதுவரை அந்த வாய்ஸ் மெசேஜை யாரும் மறுபடி அனுப்ப வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் பழைய அறிவியல் வாத்தியார்