பாதுகாப்பு உரையில் எழுவாய் யார்?

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் சுமைப்பணி செய்யும் தோழர் ஒருவர் அண்மையில் ஆங்கிலத் துண்டறிக்கை ஒன்றைக் கொண்டுவந்து, தமிழில் சொல்லக் கேட்டார். மகன் வேலை செய்யும் நிறுவனத்தில் பாதுகாப்பு உரை முடிந்ததும் வழங்கியதாம். தலைக்கவசம் அணி, வேகத்தைக் குறை, நன்கு உறங்கியபின் வண்டியை எடு, வீட்டிலும் கவனமாக இரு. எல்லாமே ஏவல் வினைகள். எல்லாவற்றுக்கும் எழுவாய் தொழிலாளியே. நிறுவனத்தை எழுவாயாகக் கொண்ட வாக்கியம் ஒன்றுகூட அதில் இல்லை.

தலைக்கவசம் வேண்டாம் என்று எவரும் சொல்லவில்லை. 2022இல் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் மாண்டனர். ஆனால் உறங்கச் சொல்பவர் உறங்க நேரம் தருகிறாரா என்பதே கேள்வி. தமிழ்நாட்டிலிருந்து களியக்காவிளை வழியாகச் சாலைச் சந்தைக்குக் காய்கறி ஏற்றிவரும் லாரிகள் ஓடுவது இரவில்தான். 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 8 மணி நேர வேலை என்றது. 5 மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து ஓட்டாமல் அரைமணி ஓய்வு என்றது. ஆனால் ஐந்து தொழிலாளர்களேனும் உள்ள நிறுவனங்களுக்கே அது பொருந்தியது. ஒற்றை லாரி முதலாளியின் ஓட்டுநர் அதன் வரம்பிலேயே இல்லை.

இழப்பீட்டின் கதை இதைவிடக் கசப்பானது. 1971இல் கேரளத்தின் கொரட்டியில், வேலை தொடங்க 15 நிமிடம் இருக்கையில், சைக்கிளில் ஆலைக்குச் சென்ற தொழிலாளி ஒருவர் லாரி மோதிக் காயமுற்றார். கேரள உயர்நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. உச்சநீதிமன்றமோ 1996இல், ஆலைக்கு ஒரு கிலோமீட்டர் தொலைவில் நேர்ந்தது பணிக்காயம் ஆகாது என்றது. 2010இல்தான் ஈ.எஸ்.ஐ. சட்டம் திருத்தப்பட்டு, வேலைக்குப் போகும் வழியும் திரும்பும் வழியும் பாதுகாப்பில் சேர்ந்தன. இழப்பீட்டுச் சட்டத்துக்கும் அதே பொருளை உச்சநீதிமன்றம் வழங்கியது 2025 ஜூலையில். இரவில் பணிக்குச் செல்லும் வழியில் மாண்ட மராட்டியச் சர்க்கரை ஆலைக் காவலாளி ஒருவரின் குடும்பம் அதற்காக 22 ஆண்டுகள் காத்திருந்தது.

ஆக, முதலாளியின் அறிவுரை தொழிலாளியின் வீடுவரை வருகிறது. அவரது பொறுப்போ ஆலைவாயிலோடு நின்றுவிடப் பார்க்கிறது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு, செயலிவழி உணவு கொண்டுசெல்லும் இளைஞரை முதலாளி–தொழிலாளி உறவுக்கு வெளியே நிறுத்தியே வரையறுக்கிறது. நிமிடக் கணக்கில் அவரை விரட்டுவோருக்கும் அவரது விபத்துக்கும் தொடர்பில்லையாம்!

தோழர்களே, பாதுகாப்பு உரைகளைப் புறக்கணிக்க வேண்டாம். சென்று அமர்வோம், முடிவில் எழுந்து கேட்போம். இரு பணிமுறைகளுக்கிடையே எத்தனை மணி நேர ஓய்வு? இரவுப்பணி முடிந்தவர் வீடு திரும்ப வண்டி உண்டா? வழியில் விழுந்தால் செலவு யாருடையது? இவற்றுக்கான விடைகள் நிறுவனத்தை எழுவாயாகக் கொண்டு எழுத்தில் வரும்வரை நம் சங்கங்கள் ஓயலாகாது.