கைத்திறன் மட்டுமா பூல்?

பூல் ஆட்டத்தை வீண்பொழுது என ஒதுக்கும் ஆய்வுலகமும், கடினமான அடிக்கு மட்டும் கைதட்டும் பார்வையாளரும் ஒரே பிழையைச் செய்கின்றனர்: அங்கே நிகழும் சிந்தனையைக் காண்பதில்லை. எட்டுப் பந்து ஆட்டத்தில் கறுப்புப் பந்து இறுதியில்தான் விழவேண்டும். ஆகவே தேர்ந்தவர் அதிலிருந்தே பின்னோக்கி எண்ணுகிறார்: அதற்கு முந்தைய பந்து எது, வெள்ளைப் பந்து எங்கே நிற்க வேண்டும், ஒட்டிக்கிடப்பவற்றை எப்போது பிரிப்பது? திட்டம் செம்மையானால் அடிகள் எளிதாகும். வியத்தகு அடி பெரும்பாலும் முந்தைய பிழைக்குப் பரிகாரமே. இதன் உடன்பிறப்பான ஸ்னூக்கரில், 2003இல் உலக அமெச்சூர் பட்டம் வென்றவர் நம் பெங்களூருவின் பங்கஜ் அத்வானி. மாணவர்களே, அடுத்தமுறை விழும் பந்தைப் பார்க்காதீர்கள். வெள்ளைப் பந்து எங்கே நிற்கிறது எனப் பாருங்கள்.