கிறிஸ்தவர் ஐக்கியமும் மனச்சாட்சிச் சுதந்திரமும்

கேளம்பாக்கத்து உப்பளங்களை விட்டு மேற்கே வண்டலூர் சென்று, அங்கிருந்து வடக்கே திரும்பினால் தாம்பரம். 1938-ஆம் வருஷம் டிசம்பர் மாதத்தில் அங்குள்ள சென்னைக் கிறிஸ்தவக் கலாசாலையில் சர்வதேச மிஷனரி மகாநாடு கூடிற்று. மேனாட்டார் மூட்டிவிட்ட சபைப் பிரிவினைகள் தங்களுக்கு வேண்டாம் என்று ஆசியா, ஆப்பிரிக்காக் கண்டங்களின் இளைய சபைகள் அங்கே மன்றாடின.

இம்மன்றாட்டம் நம் நாட்டுக்குப் புதிதன்று. 1919-ஆம் வருஷம் மே மாதத்தில் தரங்கம்பாடியில் கூடி ஐக்கிய அறிக்கையில் கையொப்பமிட்ட 33 பேரில் இருவர் நீங்கலாக யாவரும் இந்தியரே. அவர்களில் முதன்மையானவர் திருநெல்வேலிச் சீமையில் பிறந்த வேதநாயகம் அசரியா அத்தியட்சர். அவர் 1945-இல் காலமானார். அவர் கண்ட கனவோ, தேசம் விடுதலை பெற்ற சுமார் ஆறு வாரங்களில், 1947 செப்டம்பர் 27-ந் தேதி, சென்னை செயிண்ட் ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபையாக உருவெடுத்தது.

அக்காலத்திலேயே கிறிஸ்தவத் தலைவர்கள் மற்றொரு பெருங்காரியமும் செய்தனர். தனித் தொகுதி வேண்டாம், தேசத்தாரின் நல்லெண்ணமே போதும் என்றனர். அந்நம்பிக்கை வீண் போகவில்லை. 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில், மதத்தைப் பரப்பும் உரிமை கூடாதென்று சிலர் வாதித்தபோது, அவ்வுரிமைக்காகப் பரிந்து பேசியவர்களுள் ஹிந்துவான ஸ்ரீ டி.டி. கிருஷ்ணமாச்சாரியும் ஒருவர். அவ்வுரிமை 25-ஆம் ஷரத்தில் இடம் பெற்றது.

இன்று அவ்வாக்குறுதியின் கதி என்ன? 1967-இல் ஒரிஸ்ஸாவும் 1968-இல் மத்தியப் பிரதேசமும் மதமாற்றத் தடைச் சட்டம் இயற்றின. பரப்பும் உரிமையில் பிறரை மதமாற்றும் உரிமை அடங்காது என்று 1977-இல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. உத்தரப் பிரதேசத்தில் 2021-இல் வந்த சட்டப்படி, மதம் மாற விரும்புவோன் 60 நாட்களுக்கு முன்பே ஜில்லா மாஜிஸ்திரேட்டுக்குத் தெரிவிக்க வேண்டும். பலாத்காரமும் வஞ்சனையும் தண்டிக்கத்தக்கவை என்பதில் நமக்கு இரண்டாம் அபிப்பிராயமில்லை. ஆனால் ஒருவன் தன் தெய்வத்தை மாற்றிக்கொள்ளக் கச்சேரி வாசலில் மனுவோடு நிற்க வேண்டுமென்பது எந்த நியாயம்?

நம் ராஜ்யத்திலும் 2002 அக்டோபரில் இத்தகைய சட்டம் பிறந்தது. கத்தோலிக்கரும் பிராட்டஸ்டண்டாரும் பேதம் பாராமல் ஒன்று சேர்ந்து அதை எதிர்த்தனர். பள்ளிக்கூடங்களையும் ஒரு நாள் மூடினர். 2004-ஆம் வருஷத் தேர்தலில் தோல்வியுற்ற பின்னர், சட்டம் கொண்டுவந்த சர்க்காரே அதை வாபஸ் வாங்கிற்று. ஆபத்து நீங்கியதும் ஐக்கியமும் தளர்ந்தது. பயத்தில் பிறந்த ஒற்றுமைக்கு ஆயுள் குறைவு.

ஆகவே கிறிஸ்தவ சகோதரர்களுக்கு நாம் ஒன்று கூறுவோம். சபைக்கும் சபைக்கும் இடையிலுள்ள சுவரைக் காட்டிலும், ஒரே சபைக்குள் ஜாதி எழுப்பியுள்ள சுவர் உயரமானது. கல்லறைத் தோட்டத்திலுங்கூட உயிரற்ற உடல்களைப் பிரித்துவைக்கும் கிராமங்கள் இத்தமிழ்நாட்டில் உண்டு. 1950-ஆம் வருஷத்து ஜனாதிபதி உத்தரவு, கிறிஸ்தவரான தாழ்த்தப்பட்டோரைச் சலுகைப் பட்டியலுக்கு வெளியே நிறுத்தியது. சீக்கியருக்கு 1956-இலும் பௌத்தருக்கு 1990-இலும் திறந்த கதவு இவர்களுக்கு மூடியே கிடக்கிறது. மதம் மாறியவனுக்கு ராஜாங்கம் விதிக்கும் அபராதம் இதுவன்றி வேறென்ன? ஆயினும், கோயிலுக்குள் அவனைத் தள்ளிவைப்போர் கோட்டையில் அவனுக்காக வாதாடினால் யார் செவிசாய்ப்பார்?

தேசாபிமானிகளுக்கும் ஒரு வார்த்தை. இதைக் கிறிஸ்தவர் வழக்கென்று ஒதுக்குதல் தகாது. மனச்சாட்சிக்கு உத்தரவுச் சீட்டுக் கேட்கும் சர்க்கார், நாளை அரசியல் கொள்கைக்கும் கேட்கும். தரங்கம்பாடியில் கூடியவர்கள் ஒன்றுபட்டது யாருடைய அச்சுறுத்தலுக்கும் அஞ்சியன்று. அதுவே சத்தியமென்று கண்டதால். அத்தகைய ஐக்கியம் மீண்டும் உண்டாகுமாயின், அதன் பக்கம் நிற்பது சுதந்திரத்தை நேசிக்கும் ஒவ்வொருவரின் கடமையாகும்.